கறிவேப்பிலைக்கு ஒரு கூட்டாளி

குர்கானில் பொட்டி தட்ட வந்து பதினாலு வருஷம் ஆச்சு. பதினோராவது மாடி. பால்கனியில் நாலைந்து தொட்டி. அதில் ஒன்றின் கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2022 ஜூனில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்க வீட்டை வித்தோம். அம்மா போனப்புறம் அப்பா அங்கே தனியாக இருந்தார். இனிமே எங்களோடதான் என்று முடிவாச்சு. வீட்டை வாங்கினவர் எல்லாத்தையும் இடிச்சு புதுசா கட்டப்போறதா சொன்னார். கிணத்தடியில் அம்மா வெச்ச கறிவேப்பிலை மரமும் போயிடும். கிளம்புற அன்னிக்கு அப்பா மரத்துக்குப் பக்கத்தில் முளைச்சிருந்த ஒரு கன்றை மண்கட்டியோடு தோண்டி, சாக்குல கட்டி வெச்சிருந்தார்.

"அப்பா, ஃப்ளைட்ல போறோம். மண்ணை எல்லாம் கழுவிட்டு ஈரத்துணி சுத்துங்க."

"ஏல, தாய்மண்ணு இல்லாம கன்னு பிழைக்குமால?"

"அங்க நல்ல மண்ணு வாங்கிக்கலாம்ப்பா."

வாங்கினேன். மண் இல்லை, தென்னை நார்க்கழிவு. ஆன்லைனில் அழகா பாக்கெட் போட்டு வந்துச்சு. சீக்கிரம் வளரட்டும்னு ஒரு கை டிஏபி. தங்கமணி காய்கறித் தோலைப் போட, ரெண்டு வாரத்தில் மேலே பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையா நூல். பூஞ்சை! உடனே கார்பென்டாசிம் வாங்கி, கரைச்சு, ரெண்டு தடவை ஊத்தினேன். வெள்ளை நூல் போச்சு. தொட்டி ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாச்சு.

கன்று மட்டும் அப்படியே நின்னுது. நாலே நாலு ஈர்க்கு. அதுவும் மஞ்சள். டிசம்பர் குளிரில் ரெண்டு உதிர்ந்துச்சு. அப்பா தினமும் காபி டம்ளரோடு அதுக்கு எதிரே போய் நிப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். ஒருநாள் மட்டும், "உங்கம்மா வச்ச மரத்துல அது இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

தூக்கம் வராத பொட்டிதட்டி என்ன செய்வான்? கூகிளாண்டவர்தான். அப்படித்தான் ஒரு பழைய கதை கிடைச்சுது.

அமெரிக்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை நாற்றங்கால்களில் நோய் வரக்கூடாதுன்னு மண்ணை விஷப்புகை போட்டுச் சுத்தம் பண்ணினாங்க. கெட்ட கிருமி எல்லாம் போச்சு. ஆனா நாற்றுகள் வளராம குட்டையா நின்னுபோச்சு. கிளைன்ஷ்மிட், கெர்டெமன்னு ரெண்டு பேர் 1972-இல் காரணத்தைக் காட்டினாங்க. விஷப்புகையில் கெட்டதோடு வேரில் குடியிருக்கும் ஒரு நல்ல பூஞ்சையும் செத்துப் போயிருந்தது. அதைத் திரும்ப மண்ணில் சேர்த்ததும் நாற்று வளர ஆரம்பிச்சுது.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அந்த நாற்றங்காலை நான் பால்கனியில் திரும்ப உண்டாக்கி வெச்சிருந்தேன்!

அந்தப் பூஞ்சைக்கு மைகோரைசான்னு பேர். 1885-இல் ஃப்ராங்க் என்கிற ஜெர்மன்காரர் வெச்சது. நம்ம ஊர் வேளாண்மைக்காரங்க 'வேம்', 'வேர் உட்பூசணம்' என்பாங்க. நிலத்துச் செடிகளில் பத்துக்கு ஏழு இந்த வகையோடு கூட்டு. பூஞ்சை வேருக்குள்ளே புகுந்து குடியிருக்கும். வெளியே தன் இழைகளை மண்ணுக்குள் அனுப்பும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு, கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் மணிச்சத்து, அதாங்க பாஸ்பரஸ், இருந்த இடத்தைவிட்டு லேசில் நகராது. வேருக்குப் பக்கத்தில் இருக்கிறது தீர்ந்தா, செடி பட்டினி. வேர் நுழைய முடியாத இடுக்கில் இழை நுழைஞ்சு அதைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியா செடி தான் சமைச்ச சர்க்கரையைக் கொடுக்கும். சில சமயம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும்.

ஒரு வேடிக்கை: கடுகுக் குடும்பத்துக்கு இந்தக் கூட்டு கிடையாது. தாளிக்கிற கரண்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்குற ரெண்டில், ஒண்ணுக்குக் கூட்டாளி உண்டு, இன்னொண்ணு தனிக்கட்டை.

சரி, நான் பயந்த அந்த வெள்ளை நூல்? அது வேற பூஞ்சை. செத்த இலை, தோல், குச்சியை மக்க வைக்கிற ஜாதி. மரத்தைக் கெட்டியாக்குற லிக்னினை உடைக்கிறதில் பூஞ்சைக்கு ஈடு கிடையாது. அதுங்க இல்லேன்னா சருகு சருகாவே கிடக்கும், சத்து மண்ணுக்குத் திரும்பாது. ரெண்டு வகையும் இழையால் மண்துகளைக் கட்டிப் பிடிச்சு, நடுவில் காத்துக்கும் தண்ணிக்கும் இடம் விடும். கையில் எடுத்தா பொலபொலன்னு உதிருதே நல்ல மண், அதில் இதுங்க கைவேலை நிறைய. நான் என்ன செஞ்சேன்? மண்ணைக் கழுவி ஊரிலேயே விட்டேன், டிஏபி போட்டேன் (மணிச்சத்து அதிகமானா செடி பூஞ்சையைச் சேர்த்துக்காது), மீதிக்கு மருந்து ஊத்தினேன்.

மறுநாள் அப்பாகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். "இதத்தானல அன்னிக்கே சொன்னேன்" என்று கேட்டிருக்கலாம். கேட்கலை. "இப்ப மண்ணுக்கு எங்கல போக?" என்றார்.

ஊரில் அந்த மரம் இல்லை. இடிச்சாச்சு. ஆர்.கே.புரத்தில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மாமா வீட்டில் மாடி உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் உண்டு. பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயித்துக்கிழமை மலைமந்திர் போயிட்டு அப்படியே அங்கே போனோம். அப்பா உட்கார்ந்து, மேல் சருகை ஒதுக்கி, சல்லிவேரோடு ரெண்டு கை மண் எடுத்தார். மாமி டிபன் டப்பா கொடுத்தாங்க. தொட்டியை மாத்தி, தோட்டத்து மண்ணும் மக்கின எருவும் கலந்து, இந்த மண்ணை வேரை ஒட்டி வெச்சோம். மேலே வேப்பஞ்சருகு மூடாக்கு. டிஏபி, மருந்து ரெண்டும் பரண்மேல்.

ஏப்ரலில் முதல் தளிர். மழை வந்ததும் கிடுகிடுன்னு ஏறுச்சு. வெயில் வந்ததும் ஒரு காரணமா இருக்கலாம். தொட்டி மாத்தினதும் இருக்கலாம். எல்லாப் புண்ணியத்தையும் பூஞ்சைக்கே எழுதி வைக்க மாட்டேன். ஆனா உயிரில்லாத மண்ணில் அது நின்ன நிலையையும் பார்த்தவன் நான்.

செய்து பார்க்க நினைக்கிறவங்களுக்கு: நோய் இல்லாத, செழிப்பான மரத்தடி மண்ணா பாருங்க. இல்லேன்னா புழு, வேரழுகல் எல்லாம் கூடவே வந்துடும். தொட்டியைச் சும்மா சும்மா கிளறாதீங்க, இழை அறுந்துடும். வெள்ளையா எதைப் பார்த்தாலும் மருந்தைத் தூக்காதீங்க. செடி நல்லா இருக்கான்னு முதலில் பாருங்க.

இப்போ அது அப்பாவின் தோள் உயரம். முதன்முதலா ரசத்துக்கு ஒரு ஈர்க்கு பறிச்சு, அப்பா தங்கமணி கையில் கொடுத்தார். அன்னிக்குத் தட்டில் கறிவேப்பிலையை யாரும் ஒதுக்கி வைக்கலை.