கிளட்சின் நாடி

பழைய மோட்டார் வண்டியைப் பேணி வருவோர்க்கு இருவகைச் செலவுகள் உண்டு. பழுதை நீக்குவதற்கு ஆகும் செலவு ஒன்று; பழுது எதுவென்று அறியாமல் நல்ல உறுப்புகளையெல்லாம் மாற்றுவதற்கு ஆகும் செலவு மற்றொன்று. நடுத்தரக் குடும்பங்களை வாட்டுவது பெரும்பாலும் இரண்டாவதே.

நம் வீட்டில் இருப்பது அத்தா விட்டுச் சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இவ்வண்டிக்கு வடிவம் தந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் இதை உருவாக்கி விற்றனர். கல்கத்தாவின் அம்பாசிடருக்கும் பம்பாயின் ஃபியட்டுக்கும் நடுவே, இது சென்னையின் சொந்தப் பிள்ளை. அந்த நிறுவனம் கார் செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. ஆயினும் மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் இதைக் கண்டு நின்று பார்ப்போர் இன்றும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம் கழிந்தபின், இதன் கிளட்ச் பெடல் சிக்கத் தொடங்கிற்று. மிதித்தால் இறங்கும், காலை எடுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைந்தது. வண்டி அதற்கேற்ப இழுக்கவில்லை. கருகல் நாற்றம் வேறு. பின்னிருக்கையில் அம்மா இருந்தார்கள். மருத்துவரிடம் செல்லும் வேளை அது.

ஒரு பட்டறையில் காட்டினோம். இரண்டு முறை மிதித்துப் பார்த்தவர், "கிளட்ச் பிளேட்டு போயிடுச்சு பாய். கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். அவர் கேட்ட தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்ததை ஒத்திருந்தது. புதுப்பேட்டைக்குத் தள்ளிவிட்டால் இரும்பு விலையாவது கிடைக்கும் என்று உறவினர் சிலர் ஆலோசனை கூறினர். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனமே நமக்குப் பெரும் பாரமாயிற்று.

தீர்ப்பை ஏற்குமுன் இன்னொருவர் கருத்தைக் கேட்போமென்று, மயிலாப்பூரில் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு முதிய மெக்கானிக்கை அணுகினோம். அவர் வண்டியைத் தொடவில்லை; முதலில் கேள்விகள் கேட்டார். "பெடல் கீழேயே கிடக்குதா, பாதியில நிக்குதா, இல்ல மேல வந்தும் வண்டி கிளம்ப மாட்டேங்குதா? பாய், மூணும் ஒரே சீக்கு இல்ல." நாடி பார்க்கும் ஹகீம் நோயாளியை விசாரிப்பது போன்றிருந்தது அது.

ஹெரால்டில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே கம்பியோ கேபிளோ இல்லை. பெடல் ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்குள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே ஓடி, கியர்பாக்ஸ் அருகிலிருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து கிளட்சின் நெம்புகோலை நகர்த்துகிறது. காலை எடுத்ததும் அனைத்தும் வந்த வழியே திரும்ப வேண்டும். இந்தப் பாதையில் எங்கு அடைப்பு நேர்ந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பெடல் சிக்குகிறது.

எனவே பெரியவர் பாதையைத் துண்டு துண்டாகச் சோதித்தார். சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். மிதியடி பெடலில் இடிக்கிறதா என்று பார்த்தார். பின்னர்த் தண்டைப் பெடலோடு இணைக்கும் ஊசியைக் கழற்றிப் பெடலைத் தனியே ஆட்டினார். ஊஞ்சல் போல் ஆடிற்று. பெடல் குற்றமற்றது.

ஊசியை மீண்டும் பூட்டியபின், வண்டிக்குள் கியர்பாக்ஸை மூடியிருக்கும் கூட்டை அகற்றினார். ஹெரால்டில் இது ஒரு பெரும் வசதி. கியர்பாக்ஸையே உள்ளிருந்து வெளியே எடுத்துவிடலாம். நம்மை மிதித்து விடச் சொன்னார். பெடல் பாதியில் நின்றபோது, நெம்புகோலும் முழுதாகத் திரும்பாமல் நின்றது. உடனே ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தினார். ஆயில் பீறிட்டது, நெம்புகோல் சட்டென்று தன்னிடம் சேர்ந்தது. "பார்த்தீங்களா, கிளட்ச் ஒழுங்காத்தான் திரும்புது. ஆயில்தான் திரும்ப முடியாம மாட்டிக்கிட்டிருக்கு" என்றார். மாட்டிய ஆயில் கிளட்சை ஓயாது அரைகுறையாய் மிதித்துக் கொண்டிருந்தது. பாலத்து ஏற்றத்தில் வழுக்கியதும் கருகியதும் அதனால்தான்.

எங்கே மாட்டியது? நிப்பிளை இறுக்கி, மறுபடி மிதித்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினார். இப்போதும் நெம்புகோல் திரும்பிற்று. நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருந்தால் அது திரும்பியிராது. ஆக, ஹோஸும் தப்பியது. எஞ்சியது மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே.

அதைப் பிரித்தபோது, பிஸ்டன் மேலிருந்த ரப்பர் வளையம் ஊறிப் பருத்திருந்தது. அதனால் பிஸ்டன் முழுதும் பின்வாங்கவில்லை. ஆயில் தன் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடந்தது. ரப்பர் ஏன் ஊறிற்று? தொட்டியிலிருந்த ஆயிலில் சிறிதை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் விட்டார் பெரியவர். பிரேக் ஆயில் நீரில் கலந்துவிடும். இங்கோ, பளபளவென ஒரு படலம் மேலே மிதந்தது. வண்டியைக் கழுவக் கொடுத்த ஏதோ ஓரிடத்தில், குறைந்திருந்த தொட்டியில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்த ஆயில் பட்டால் இந்த ரப்பர் வீங்கும்.

அப்போதுதான் பெரியவரின் முகம் மாறிற்று. பக்கத்திலேயே பிரேக்கின் தொட்டி இருக்கிறது. அங்கும் ரப்பர் வளையங்களே வேலை செய்கின்றன. கிளட்ச் கெட்டால் வண்டி நிற்கும்; பிரேக் கெட்டால் நிற்காது. அதிலிருந்தும் சில துளிகளை எடுத்துத் தம்ளரில் விட்டார். நாம் மூச்சை அடக்கிப் பார்த்திருந்தோம். ஒரு துளியும் மிதக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

ஊறிய வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை; அதே ஆயில் மற்றவற்றையும் ஊற வைத்திருக்கும். கிளட்ச் பாதையின் ரப்பர் முழுவதையும், ஹோஸ் உட்பட, மாற்றினோம். குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவிப் புது பிரேக் ஆயில் நிரப்பிக் காற்றை நீக்கினோம். ஆயில் சிந்திய இடங்களை உடனே நீரால் துடைத்தோம். பெயிண்டை அது அரித்துவிடும். ஆன செலவு, முன்பு கேட்ட தொகையில் சிறு பங்கு. கியர்பாக்ஸ் அசையவில்லை. கட்டணப் பணமும் கல்லூரியையே சேர்ந்தது.

பட்டறைக்காரர் கூறியது முழுப் பொய்யன்று; வழுக்கும் கிளட்சுக்குத் தேய்ந்த பிளேட்டும் ஒரு காரணமே. ஆனால் ஓர் அடையாளத்திற்குப் பல காரணங்கள் இருக்கையில், மிக விலையுயர்ந்ததை முதலில் குற்றவாளியாக்குவது நீதியாகாது. எளிதில் கழற்றி எளிதில் பூட்டக் கூடியதை முதலில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையும் ஓர் உறுப்பையாவது ஐயத்திலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்குப் பின்னும் ரப்பரை மாற்றினால் போதாது; அது ஊறிய காரணத்தையும் கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிராவிடில், பிரேக் தொட்டியை நாம் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.