செஞ்சிக்கு மலிவு விமானத்தில்

1689-இல் சத்ரபதி ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து மாறுவேடம் பூண்டு செஞ்சிக்குப் புறப்பட்டார். மூட்டை முடிச்சு அதிகம் இருந்திராது. புனாவாசிகளான நாங்கள் அதே செஞ்சிக்கு மலிவு விமானத்தில் கிளம்பியபோது அந்தப் புத்தி எங்களுக்கு இல்லை.

2003-இல் காப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்ததிலிருந்து நம் தேசத்தில் பரவிய ஏற்பாடு இது. டிக்கெட்டுப் பணம் ஆசனத்துக்கு மட்டுமே. சாப்பாடு தனி, ஜன்னலோரம் தனி, பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் தண்டம். சென்னை அத்தைக்கென்று என் மனைவி கட்டிய கோலாப்பூர் வெல்லத்துக்கு, அதன் விலையைவிட அதிகம் கொடுத்தோம்!

முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இதிலெல்லாம் மனஸ்தாபம் இல்லை. தாமதந்தான் பொல்லாதது. நாங்கள் ஏறிய கம்பெனியின் பெயர் வேண்டாம். காலை விமானம் மூன்று மணி நேரம் கழித்தே கிளம்பிற்று. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக பஸ்ஸில் செஞ்சி சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். "இனிமேல் ஏறக்கூடாது, ஐயா" என்றார் காவலர். நியாயந்தானே? இருட்டில் எப்படி இறங்குவது?

திரும்பும் விமானமோ மறுநாள் காலையில். தேதியை மாற்றுவதற்குப் புது டிக்கெட்டே வாங்கிவிடலாம் போலிருந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையிட்ட கோட்டை. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. அதை அடிவாரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதா? என் தகப்பனார் பேசாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தைக் கட்டினேன்.

மறுநாள் கதவு திறந்ததும் ஏறினோம். உச்சியில் நல்ல காற்று. அத்தைக்கான வெல்லத்தில் ஒரு கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு தின்றோம்.