வாயில் மறுத்தல்

அகத்திணையில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. தலைவன் விடுத்த தூதினை ஏற்க மறுக்கும் தோழி, அவன் செய்த குறையையும் எடுத்துரைப்பாள். யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளும் வாயில் மறுப்பனவே. காரணம் மட்டும் கூறுவதில்லை. பயனர் பெயர் பிழையாயினும் கடவுச்சொல் பிழையாயினும் 'லாகின் இன்கரெக்ட்' என்பதே விடை. எது பிழை என உரைத்தால், உள்ளே எப்பெயர்கள் உள என்பதைக் கள்வன் அறிந்துகொள்வான் அன்றோ! இம்மௌனம் வேண்டுமென்றே அமைக்கப்பட்டது.

ஆயினும் அதன் சுமை எளியோர் தலையில் விழுகிறது. நம் துறையின் லினக்ஸ் கணிப்பொறியில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துவந்த மாணவி ஒருவர், ஒப்படைக்க மூன்று நாள்களே எஞ்சிய நிலையில் உள்ளே புக இயலாது நின்றார். பராமரிக்க வந்தவர், "கடவுச்சொல்லை மறந்திருப்பார்" என ஒரே வரியில் முடித்துப் புதியதொன்றை இட்டுத் தந்தார். அதற்கும் வாயில் திறக்கவில்லை. "ரூட் கணக்கில் நான் நுழைகிறேனே, பொறியில் குறையில்லை" என்றார் அவர்.

நாம் கணினியியல் கற்றவரல்லோம்; பதம் பிரித்துப் பொருள் காண்பது நம் தொழில். பகுபதத்திற்கு உறுப்பு ஆறு என்பது நன்னூல். கணிப்பொறியின் 'பாஸ்வேர்டு' கோப்பிலோ ஒவ்வொரு பயனருக்கும் உரிய வரி ஏழு உறுப்புகளை உடையது. பெயர் முதலுறுப்பு. இறுதியுறுப்பு, நுழைந்தவுடன் இயங்கவேண்டிய 'ஷெல்' நிரல். அது பிழைபடின் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. 'ஷேடோ' என்னும் மற்றொரு கோப்பில் கடவுச்சொற்குறிப்பின் முன் ஒரு வியப்புக்குறி நின்றால் அச்சொல் பூட்டப்பட்டது என்பது பொருள். இவ்விரண்டிலும் அம்மாணவியின் வரி பழுதின்றியே இருந்தது. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்தாலும் கடவுச்சொல் பிழைபடும். தட்டுவது கண்ணுக்குத் தெரியாமையின் இதனைப் பலரும் உணர்வதில்லை. அதுவும் அன்று.

மாணவி தொடக்கத்திலேயே ஒன்று கூறியிருந்தார்: பிழைச்செய்தி ஏதும் தோன்றவில்லை, திரை ஒருகணம் இருண்டு, பின் வாயிலுக்கே மீள்கிறது. அதனை எவரும் செவிமடுக்கவில்லை. பிழைச்செய்தி இல்லையெனின் கடவுச்சொல் ஏற்கப்பட்டது என்றன்றோ கொள்ளல் வேண்டும்? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்துத்திரைக்குச் சென்றோம். அவர் தடையின்றி நுழைந்தார். 'டிஎஃப்' என்னும் கட்டளை இட, வட்டு நூற்றுக்கு நூறு நிறைந்திருப்பது தெரிந்தது. ஓலைச்சுவடிப் படங்கள் அதனை அடைத்திருந்தன. வரைகலைத்திரை தொடங்குமுன் பயனரின் இல்லக் கோப்புறையில் சிறுகோப்பு ஒன்றை எழுதவேண்டும், அதற்கும் இடமில்லை. லினக்ஸின் 'எக்ஸ்ட்' வகை வட்டமைப்பு இயல்பாக 5 விழுக்காடு இடத்தை ரூட் கணக்கிற்கென ஒதுக்கிவைப்பது. பராமரிப்பாளர்க்கு மட்டும் குறை தோன்றாமை அதனாலேயாம்.

படங்களை வேறு வட்டுக்கு மாற்றினோம். வாயில் திறந்தது. மாணவி முதற்கண் செய்தது, தம் பழைய கடவுச்சொல்லை மீண்டும் இட்டுக்கொண்டதே. அதனை அவர் மறந்திருக்கவில்லை.