தாகமும் நேர்ச்சையும்

பாலை என்றதும் அராபியாவும் இராஜஸ்தானமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்பதே தமிழ் முன்னோர் கண்ட உண்மை. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை. 1895-இல் பெரியாற்று அணை எழுந்த நாள்முதல், மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்து நம் வயல்களுக்கு வருகிறது. வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் கண்ட கண்களுக்குத் தண்ணீரை அளந்து குடிக்கும் வழக்கம் இல்லை.

இத்தகைய நம் பங்கின் இளைஞர் பன்னிருவர், மே மாத விடுமுறையில் சைக்கிளில் மணப்பாடு திருச்சிலுவை ஆலயத்திற்குத் திருயாத்திரை செல்ல விரும்பி நம்மிடம் அனுமதி கேட்டனர். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் வெளியைக் கடந்து, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகச் செம்மணல் தேரிக்காட்டையும் கண்டு மணப்பாடு சேர்வது அவர்கள் திட்டம். ஏறத்தாழ 300 கி.மீ. அக்கினி நட்சத்திரம் தகிக்கும் காலம். பெற்றோர் தயங்கினர். ஐம்பதைக் கடந்த நாமும் உடன் வருவதாகவும், ஆனால் மூன்று வாரம் முறைப்படி ஆயத்தம் செய்தாலன்றிப் புறப்படுவதில்லை என்றும் கூறினோம்.

துணிவு மட்டும் போதுமெனில் ஆயத்தம் எதற்கு என்றான் ஒருவன். 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரின் வரலாற்றை அவனுக்குச் சொன்னோம். மெசப்பொத்தாமியப் பாலையையும் சினாய்ப் பாலையையும் கடந்து, 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பியவர் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ரஸ்தம் பம்கரா என்னும் மூவரே. துணிவில் அறுவரும் குறைந்தவரல்லர். ஆயினும் பாதிப்பேரே பயணத்தை நிறைவுசெய்தனர்.

முதல் ஆயத்தம் உடலுக்கு. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய உடல் விரைவில் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பும் குறைகிறது. ஆகவே முதல் நாள் அரைமணி நேரம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, உத்தமபாளையம் சாலையில் அனைவரும் வெயிலில் மிதித்தோம். திராட்சை எடைபோடும் தராசில் புறப்படுமுன்பும் திரும்பியபின்பும் ஏறி நின்றோம். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் என்று கண்ணால் கண்டபோது, இளைஞரின் கேலிப்பேச்சு நின்றது.

இரண்டாவது ஆயத்தம் தண்ணீருக்கு. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. இழந்த உப்பும் உடலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்க வேண்டும். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்த எண்ணற்றோரை இத்தகைய எளிய கரைசலால்தான் காப்பாற்றினார்.

மூன்றாவது சைக்கிளுக்கு. கரிசல் சாலையோரமெங்கும் சீமைக் கருவேல முள். ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், பம்ப், உபரிப் பிரேக் கட்டை ஆகியவை கட்டாயம். தேரி மணலிலோ சக்கரம் புதையும். இறங்கித் தள்ளித்தான் செல்ல வேண்டும். எனவே அப்பகுதியை வெயில் ஏறுமுன் பார்த்துவிட முடிவு செய்தோம்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்துவரும்போது, ஒரு மாலை ஓர் இளைஞனின் தாய் அறைவீட்டிற்கு வந்தார். சென்ற ஆண்டு அறுவை மருத்துவத்தில் உயிர் தப்பியவர். அவருக்காக மகன், பயணம் முழுவதும் நண்பகல்வரை தண்ணீர் அருந்துவதில்லை என நேர்ந்திருந்தானாம்.

"எனக்காகத்தேன் நேர்ந்துக்கிட்டான் சாமி. அவனைத் தடுத்தா நேர்ச்சை முறிஞ்சு எனக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. தடுக்காட்டி அவனுக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்று கண்கலங்கினார்.

மகனை அழைத்துப் பேசினோம். "சொன்ன சொல்லை மாத்தலாமா சாமி?" என்றான். அவன் உள்ளத்திலிருந்தது வீம்பன்று, நன்றி. ஆயினும் வெயிலில் நீரின்றி மிதிப்பவனுக்குப் பேச்சுக் குழறும், நினைவு தடுமாறும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்தால் உயிரே போகலாம். தாயின் உயிருக்கு நன்றியாக மகன் தன்னுயிரைப் பணயம் வைப்பதை இறைவன் கேட்பதில்லை. அவர் வட்டியோடு கடனைத் திரும்பப் பெறுபவர் அல்லர். தக்க காரணம் இருப்பின், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தம் மக்களை விடுவிக்கும் அதிகாரத்தை 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்கு அளித்திருக்கிறது. அதன்படி அவனை விடுவித்தோம்.

ஆனால் நன்றியுள்ள உள்ளத்தை வெறுங்கையோடு அனுப்பலாகாது. "தம்பி, உன் கேரியரில் பத்து லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொள். எல்லாருக்கும் கடைசியாக வா. பின்தங்குபவனுக்கு நீ தண்ணீர் கொடு, கொடுக்கும்போதெல்லாம் நீயும் குடி" என்றோம். சிறிது நேரம் தரையைப் பார்த்து நின்றவன், "அது இதைவிடக் கஷ்டமாச்சே சாமி" என்றான். தாய் முதன்முறையாகச் சிரித்தார்.

அதன்பின் பயண விதிகள் அனைத்தும் எளிதில் முடிவாயின. காலை நான்கு மணிக்குப் புறப்பாடு, ஒன்பதரைக்கு நிழல், மாலை நான்குக்குப்பின் மீண்டும் பயணம். மிக மெதுவாக வருபவனின் வேகமே அனைவரின் வேகம். ஒருவன் தடுமாறினால் நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழைப்பது. நினைவிழந்தவன் வாயில் எதுவும் ஊற்றாதிருப்பது. வானிலை நிலையம் கடும் வெப்ப எச்சரிக்கை விடுத்தால் நாளைத் தள்ளிவைப்பது.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கடினமான வழியில் செல்ல விரும்பினால் உடனே தடுக்காதீர்கள். உடனே அனுப்பியும் விடாதீர்கள். எவ்வளவு தாங்குவாய் என்று கேட்குமுன், யாருக்காகத் தண்ணீர் சுமக்கிறாய் என்று கேளுங்கள்.