சிதைவு சொல்லும் சாட்சி

பழம்பிரதிகளோடு பழகியவர்களுக்கு ஏடெழுதியவரின் கையைப் பற்றிய ஐயம் எளிதில் தீர்வதில்லை. படியெடுப்பவர் தமக்குப் பழகிய சொல்லை மூலத்தில் ஏற்றிவிடுவார். பாடபேதம் என்று வகுப்பில் நாம் நடத்துவதில் பாதி அதுதான். தொல்மரபணு ஆய்வுகளைப் பற்றி வாசித்தபோது, அதே ஐயத்தை அங்கும் கண்டோம்.

1985இல் ஸ்வாந்தே பாபோ, 2,400 ஆண்டுப் பழமையான எகிப்தியக் குழந்தை மம்மியிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார். அது இக்கால மனிதரின் கலப்பாக இருக்கக்கூடும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1994இல் 8 கோடி ஆண்டு எலும்பில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட டைனோசர் மரபணு, மறு ஆண்டே மனிதருடையது என்று காட்டப்பட்டது.

காரணம் எளிது. பழைய எலும்பில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிக் கிடக்கிறது, ஆய்வாளரின் ஒரு துளி எச்சிலில் அது முழுமையாக இருக்கிறது. பி.சி.ஆர். முறையில் பெருக்கும்போது முழுமையானதே முந்திக்கொள்கிறது. ஆகவே, உடல் முழுதும் மூடிய உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. மேசைக்குப் பிளீச் கரைசல், அறைக்குப் புற ஊதா ஒளி. வெளிக்காற்று புகாதபடி உள்ளே கூடுதல் காற்றழுத்தம். பெருக்கிய டி.என்.ஏ.வைக் கையாண்டவர் அன்று தூய அறைக்குள் நுழையக் கூடாது. எலும்புத்தூள் இடாத வெற்றுக்குழாய் ஒன்றையும் எல்லாப் படிநிலைகளிலும் உடன் கொண்டுசெல்வர். அதில் மரபணு தென்பட்டால் முடிவு ஐயத்துக்குரியது.

நம்மை மிகவும் கவர்ந்தது வேறொரு சோதனை. காலம் செல்லச் செல்ல, டி.என்.ஏ. துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் யுராசிலாக மாறுகிறது. வாசிக்கும் கருவி அதைத் தைமின் எனப் படிக்கிறது. இப்பிழை மிகுந்திருந்தால் பழமை மெய். பழுதில்லாத துண்டையே ஐயுற வேண்டும். எளிதாகப் பொருள்படும் பாடத்தை உடனே ஏற்காதீர்கள் என்று மாணவர்களிடம் நாம் சொல்வதும் இதனால்தான்.

2010இல் நியாண்டர்தால் மரபணுத்தொகுதி வெளியானபோது, ஆப்பிரிக்கருக்கு வெளியேயுள்ள மக்களிடம் அவர்களின் பங்கு 1 முதல் 4 விழுக்காடு என்று கணித்தனர். இக்கால மனிதரின் மரபணு எலும்பில் கலந்திருந்தாலும் இதே உறவு தோன்றியிருக்கும். கலப்பின் அளவைத் தனியே கணித்துக் காட்டியதால்தான் அம்முடிவு நிலைத்தது. 2022இல் பாபோ நோபல் பரிசும் பெற்றார்.

முன்னோரைத் தேடும் எவருக்கும் அவர்கள் தம்மைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆடையும் கையுறையும் அந்த ஆசையைத் தடுக்கமாட்டா. வெற்றுக்குழாயை நேர்மையோடு பார்ப்பவர் மட்டுமே தடுக்க இயலும்.