இடமும் வலமும்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் மாலையில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கிராமங்களின் சேமக்காலைகள் மெழுகுதிரிகளின் ஒளியால் நிறையும். புல் செதுக்கித் துப்புரவாக்கிய கல்லறைகளைச் சூழ்ந்து நின்று உறவினர் மரித்தோருக்காகச் செபிப்பர். அத்தகைய ஒரு மாலையில், தாயின் கல்லறையில் திரி ஏற்றிய ஒருவனது கையில் இன்னொரு திரி எஞ்சியிருந்தது. அது அவனுடைய அம்மம்மாவுக்குரியது. அவருக்கோ கல்லறை இல்லை. மகள் மணத்தின்பொருட்டு மதம் மாறியபோதும் தாம் மாறாது, சைவராகவே வாழ்ந்து, தென்மராட்சியில் இறந்து எரியூட்டப்பட்டவர் அவர்.

ஞானஸ்நானம் பெறாத அம்மம்மா இறுதித் தீர்ப்பு நாளில் எப்பக்கத்தில் நிறுத்தப்படுவார்? சிறுவயதில் ஞானோபதேச வகுப்பிலே கேட்க அஞ்சிய இவ்வினா அவனை விட்டு நீங்கவேயில்லை.

வினா புதிதன்று. படைப்பனைத்தும் ஈற்றில் இறைவனிடம் மீளும் என்ற நம்பிக்கையை 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் வெளியிட்டார். நித்திய தண்டனையை மறுத்தோருக்கு எதிராக 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் வாதிட்டார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி மனச்சான்றின்படி நடப்போர் மீட்படையக்கூடும் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆயினும் அவனுடைய கலக்கம் முற்றாகத் தீரவில்லை. அம்மம்மா நற்செய்தியைக் கேளாதவர் அல்லர். மகளின் வாயாலேயே கேட்டவர்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை அவன் மீண்டும் வாசித்தான். அங்கே அரியணையில் வீற்றிருக்கும் அரசர் எவரிடமும் நம்பிக்கை அறிக்கையை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்கு நீர், அந்நியனுக்கு இடம் என்பனவே அங்கு கணக்கிடப்படுகின்றன. இன்னுமொன்று சிந்தித்தற்குரியது. வலப்பக்கத்தார் தாம் செய்ததை அறியார். இடப்பக்கத்தார் தாம் செய்யத் தவறியதை அறியார். இருசாராரும் ஒரேவகையில் வியந்து, எப்போது என்றே வினவுகின்றனர்.

எப்போது என்ற அச்சொல் அவனை 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவுக்கு அழைத்துச் சென்றது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த இரவு அது. செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்திரள் மழையில் அடிமேல் அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. வீதியோரத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தண்ணீருக்காகக் கை நீட்டினார். இளைஞனாயிருந்த அவன், தன் பையிலிருந்த போத்தலைத் துணியால் மறைத்துக்கொண்டு கடந்து சென்றான். மறுநாள் அம்மம்மாவின் வீட்டை அடைந்தபோது, முன்பின் அறியாத ஏழெட்டுக் குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. அவர்களுள் சைவர் யார், வேதக்காரர் யார் என அம்மம்மா கேட்டதில்லை. பெரிய பானையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

இத்தனை ஆண்டுகளாக அம்மம்மாவை எங்கே நிறுத்துவதென்று தேடியவன், தான் நிற்கும் இடத்தைப் பார்த்தானில்லை. தீர்ப்பு என்பது பிறருடைய முடிவை முன்கூட்டி அறியும் கலை அன்று. அது ஒவ்வொருவனிடமும் அவனைப்பற்றியே கேட்கப்படும் வினா. அவ்வினா இன்றே கேட்கப்படுவதில், திருந்துவதற்கான தவணையும் அடங்கியிருக்கிறது என்பதே கிறிஸ்தவனின் ஆறுதல் எனலாம்.

எஞ்சிய திரியை அவன் தாயின் கல்லறையோரத்திலேயே ஏற்றினான். அம்மம்மாவுக்காக அன்று, பெயரறியாத அந்த முதியவருக்காக.