அலுவிகாரையும் ஒரு சிறு அந்தும்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏ-9 வீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் ஏறிய குகைவிகாரை என்றே ஊரை எல்லோரும் அறிவர். பெருமைதான். ஆனால் விகாரையோடு நிறுத்தினால் ஊரில் பாதி விடுபட்டுப்போகும். வீதியின் இரு மருங்கிலும் சாதிக்காய், கராம்பு, மிளகு, கொக்கோ தோட்டங்கள். 1869இல் கோப்பியைத் துருநோய் பிடித்தபின் மாத்தளையில் பரவிய பயிர்களுள் கொக்கோ முக்கியமானது. அன்று ஏடானாலும் இன்று சாதிக்காயானாலும், காயவைத்துக் காப்பதே இங்குள்ளவர்களின் வேலை. அது எவ்வளவு கடினம் என்பதைச் சரக்கு அறையில் குடியிருக்கும் ஓர் அந்துப்பூச்சியே காட்டிவிடும்.

கட்ரா காட்டெல்லா என்பது அதன் அறிவியற் பெயர். சிறகை விரித்தாலும் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர்தான். முன்சிறகு சாம்பல் நிறம், குறுக்கே மங்கலான பட்டைகள். பின்சிறகு வெளுத்து, ஓரத்தில் மெல்லிய குஞ்சம். அந்தியில் பறக்கும், சில நாட்களே வாழும். சேதம் செய்வது புழுதான்: வெண்ணிற உடலில் கரும்புள்ளிகளோடு, உலர்ந்த கொக்கோ, சாதிக்காய், அரிசி எதையும் தின்று நூலால் பின்னிவிடும். வெப்பமும் ஈரமும் கூடிய அறையில் முட்டை ஒரு மாதத்துக்குள் அந்தாகிவிடும்.

உலகெங்கும் கிடங்குகளில் உள்ள பூச்சியை அலுவிகாரைக்கு உரியதாக்கலாமா என்று கேட்கலாம். இந்த ஊருக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1863இல் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வோக்கர் இதற்குப் பெயரிட்டது இலங்கையில் கிடைத்த மாதிரியைக் கொண்டு. எங்கோ இருந்து வந்த விருந்தாளியாக இதை ஒதுக்க முடியாது. மருந்தடித்தால் தீராதா என்பது அடுத்த கேள்வி. வாயில் போடும் பண்டத்தில் நஞ்சு தெளிப்பது எப்படி? நச்சுப்புகைக்குக் காற்றுப்புகாத கிடங்கு வேண்டும். சிறு தோட்டக்காரரிடம் இருப்பதோ வீட்டு மூலையில் சில சாக்குகள். வடகீழ்ப் பருவமழையில் வெயில் கிடைக்காமல் ஈரம் நின்ற கொக்கோவில்தான் புழு செழிக்கிறது. ஈரத்தை ஏழெட்டு வீதத்துக்கு இறக்கினால் அதன் வளர்ச்சி மந்தமாகும். காற்றுப்புகாத பையில் கட்டினால் மூச்சடைத்துச் சாகும். பழைய சாக்கை உதறி வெயிலில் போடாமல் புதுச்சரக்கைக் கொட்டினால் இரண்டும் வீண். மழைநாளிலும் இயங்கும் பொது உலர்த்தி ஒன்று இந்தத் தோட்டங்களுக்கு எந்த மருந்தையும்விட அவசரமானது.